கண்டியிலிருந்து லண்டன்: நேரக் கணக்கு தப்பாமல் இருக்க

கட்டுநாயக்கவிலிருந்து லண்டன் வான்வழியே ஏறத்தாழ 8,700 கிலோமீற்றர். நேரடி விமானத்துக்குச் சுமார் 11 மணித்தியாலம். ஆனால் கண்டிக்காரரின் பயணம் வீட்டு வாசலிலேயே தொடங்கிவிடுகிறது.

1. பயணச்சீட்டின் திகதியை இரண்டு தடவை பாருங்கள். 15ஆம் திகதி அதிகாலை 1 மணி விமானத்துக்கு, 14ஆம் திகதி மாலையே வீட்டை விட்டுக் கிளம்ப வேண்டும்.

2. வீதிக்கு மூன்றரை மணித்தியாலம் ஒதுக்குங்கள். தூரம் 100 கிலோமீற்றரளவுதான். கடுகண்ணாவை வளைவுகளும் மாவனெல்லை, கேகாலை நெரிசலும் நேரத்தை விழுங்கும்.

3. விமான நிலையத்துக்கு 3 மணித்தியாலம் முன்னதாகப் போய்ச் சேருங்கள். பொதி கொடுக்கும் கவுண்டரை விமானம் புறப்படும் முன்பே மூடிவிடுவார்கள்.

4. அடைமழை நாட்களில் கிளம்புமுன் வீதி நிலைமையை விசாரியுங்கள். கடுகண்ணாவைப் பக்கம் மண் சரிந்தால், கலகெதர, குருநாகல் வழியாகப் போகலாம்.

5. எசல பெரஹரா நாட்களில் பகலிலேயே நகரைக் கடந்துவிடுங்கள். மாலையில் நகர வீதிகளை மூடுவார்கள்.

6. வந்து சேரும் நேரத்தை அந்த ஊர் நேரமாகவே வாசியுங்கள். பகல் 1 மணிக்குப் புறப்பட்டு இரவு 7.30க்கு இறங்குவதாக இருந்தால், பறப்பது ஆறரை மணித்தியாலம் அல்ல. லண்டன் கோடையில் நாலரை, குளிர்காலத்தில் ஐந்தரை மணித்தியாலம் நமக்குப் பின்னால் இருக்கிறது.

7. அழைத்துப் போக வருபவருக்கு லண்டன் நேரத்தையே சொல்லுங்கள். இலங்கை நேரத்தைச் சொன்னால் அவர் பிந்தி வருவார்; நீங்கள்தான் வீணாகக் காத்திருப்பீர்கள்.