பெயர் ஒன்று, எண் வேறு



கஞ்சிக்கோட்டில் ஓர் ஆலையின் கணக்குப் பிரிவில் பணிபுரிகிறேன். ஒரு திங்கட்கிழமை கணிப்பொறியைத் திறந்தால் திரை வெறுமையாக இருந்தது. நம் சங்கத்தின் மருத்துவ உதவிப் பதிவேட்டையும் அதில்தான் வைத்திருந்தேன். அன்று மாலை ஓர் உறுப்பினரின் அறுவை சிகிச்சைக்குப் பணம் தர வேண்டும். எனக்குக் கை கால் ஓடவில்லை.

ஆலைக் கணிப்பொறிகளை ‘டொமைன்’ என்னும் பொது நிர்வாகத்தில் சேர்த்ததே காரணம். கோப்புகள் அழியவில்லை. வாளையார் தாண்டிக் குடிவந்தபோது நம் பெயர் மாறவில்லை. ரேஷன் அட்டை எண் மாறியது. விண்டோஸும் பெயரைப் பார்ப்பதில்லை, கணக்கின் அடையாள எண்ணையே பார்க்கிறது. டொமைன் கணக்குக்கு எண் வேறு. ஆகவே நம்மைப் புதியவராகக் கருதி வெற்று அறையைத் தருகிறது. பழைய அறை, சி டிரைவில் ‘யூசர்ஸ்’ ஃபோல்டருக்குள் அப்படியே இருக்கும்.

மாற்றும் முறை இது:

1. பழைய ஃபோல்டரை முதலில் வெளி வன்தட்டில் நகலெடுங்கள்.

2. பிரவுசரில் சேமித்த கடவுச்சொற்களைப் பழைய கணக்கில் நுழைந்து குறித்துக்கொள்ளுங்கள். அவை அந்தக் கணக்கின் சாவியால் பூட்டப்பட்டவை; நகலெடுத்தாலும் திறக்காது. நிர்வாகியைக் கொண்டு பழைய கடவுச்சொல்லை மாற்றினாலும் அவை கைவிட்டுப் போகலாம்.

3. டொமைன் கணக்கில் ஒருமுறை நுழைந்து வெளியேறுங்கள். புதிய ஃபோல்டர் உருவாகும்.

4. நிர்வாகி அதிகாரமுள்ள மூன்றாவது கணக்கில் நுழைந்து, டெஸ்க்டாப், டாக்குமென்ட்ஸ், பிக்சர்ஸ் போன்றவற்றை மட்டும் புதியதில் நகலெடுங்கள். ‘கட்’ செய்து நகர்த்த வேண்டாம். பழைய அனுமதிகளும் கூடவே வந்து தடுக்கலாம்.

பதிவேடு கிடைத்தது. திறந்தால் தமிழுக்குப் பதில் பொருளற்ற ஆங்கில எழுத்துகள்! 2018-க்குப் பிந்தைய விண்டோஸில் எழுத்துருவை ஒரு கணக்குக்கு மட்டும் நிறுவ முடியும். என் பாமினி எழுத்துரு பழைய கணக்கிலேயே தங்கிவிட்டது. ‘எல்லாப் பயனர்களுக்கும்’ என்று மீண்டும் நிறுவியதும் பெயர்கள் தெரிந்தன. மாலையில் பணம் போய்ச் சேர்ந்தது.

பெரும்பாலான அமைப்புகளும் வேண்டுமானால், மைக்ரோசாஃப்டின் ‘யூசர் ஸ்டேட் மைக்ரேஷன் டூல்’ உண்டு. அதை அலுவலகக் கணிப்பொறிப் பிரிவினரிடம் விட்டுவிடுங்கள்.

இன்னொன்று: டொமைன் கணிப்பொறியை அலுவலக நிர்வாகிகள் திறந்து பார்க்க முடியும். பிறர் நோயும் பணமும் எழுதிய ஏடு அங்கே இருந்தது என் தவறு. அதை இப்போது சங்கக் கணிப்பொறிக்கு மாற்றிவிட்டேன். உங்கள் வீட்டுக் கோப்புகள் அலுவலகத்தில் இருக்கின்றனவா? இன்றே பாருங்கள்.