ஸ்டெப்னிக்கும் வயதாகும், தம்பி



சென்ற இதழில் உன் கட்டுரையைப் பார்த்தேன். வீட்டு ஸ்விஃப்டுக்கு டயர் மாற்றிய கதையைச் சுவையாகத்தான் தொடங்கியிருக்கிறாய். பாதியில் ஓர் இடம் வருகிறது. டிக்கிக்குள் கிடந்த ஸ்டெப்னி ஒருநாளும் தரையைத் தொடாமல் புத்தம் புதுசாக இருந்ததாம். அதை இறக்கிப் பின் சக்கரத்தில் மாட்டிவிட்டு மூன்றே டயர் வாங்கினாயாம். ஒரு டயர் காசு மிச்சமாம். அந்த இடத்திலேயே இதழை மூடி வைத்துவிட்டேன். மீதியை மறுநாள்தான் படிக்க முடிந்தது.

கார் 2008 மாடல் என்று முதல் பத்தியில் நீயே எழுதியிருக்கிறாய். அப்படியானால் ஸ்டெப்னி எந்த வருடத்துச் சரக்கு? காரோடு கம்பெனியிலிருந்து வந்ததுதானே அது. டிரெட் பட்டன் முழுசாக இருக்கும், ஒப்புக்கொள்கிறேன். அச்சிலிருந்து வரும்போது ஒட்டிக்கொண்டிருக்கும் ரப்பர் முடிகூட உதிர்ந்திருக்காது. ஆனால் திட்டக்குடி வெயிலில் பதினேழு கோடையை டிக்கிக்குள் புழுங்கிக் கழித்த டயர் அது. அதன்மேல்தான் உன் அப்பா இப்போது தொழுதூரில் ஏறி நாலு வழிச் சாலையில் போய்க்கொண்டிருக்கிறார்.

லோடு குறியீடு, ஸ்பீடு குறியீடு, காற்று, அலைன்மென்ட் இதெல்லாம் நீயும் நானும் பேசித் தீர்த்தவை. மறுபடி அதற்குள் நான் போகவில்லை. 165/80 ஆர்14-ஐ விட்டு அகலமாகப் போக ஆசைப்பட்டால் 185/70-தான் பொருந்தும். 185/65 போட்டால் சக்கரத்தின் விட்டம் 23.5 மில்லிமீட்டர் குறைந்து, கார் அதில் பாதி இறங்கி, வேகத்தடைக்கு வேகத்தடை அடி உரசும் என்று எழுதியிருக்கிறாய். கணக்கு சரி. இவ்வளவு கணக்குப் போடத் தெரிந்தவனுக்கு 2025-லிருந்து 2008-ஐக் கழிக்கத் தெரியவில்லையே என்பதுதான் என் ஆத்திரம்.

விருத்தாசலத்துச் சூளையில் வெந்த அகல் விளக்கு வெந்ததோடு சரி, அதன்பிறகு அதற்கு மாற்றம் இல்லை. ரப்பர் அப்படி அடங்காது. ஆலையில் கந்தகத்தோடு சேர்ந்து அச்சில் வெந்து வெளியே வந்த பிறகும் சூட்டிலும் காற்றிலும் கொஞ்சம் கொஞ்சமாக வெந்துகொண்டேதான் இருக்கும். காற்று வெளியிலிருந்து மட்டும் தாக்குவதில்லை. நீ உள்ளே அடைத்த காற்றிலும் ஐந்தில் ஒரு பங்கு ஆக்சிஜன். அது அழுத்தத்தோடு ரப்பருக்குள் ஊறிக்கொண்டே இருக்கிறது. சைடுவாலில் வெடிப்பு தெரிந்தால் உன் நல்ல காலம், பார்த்துக் கழற்றிவிடலாம். கண்ணுக்குத் தெரியாமல் கெடுவது ஸ்டீல் பெல்ட்டுகளுக்கு நடுவிலுள்ள ரப்பர். அது காய்ந்து பிடிப்பு விட்டதென்றால், வேகத்தில் சூடேறும்போது பட்டன் பட்டையாக உரிந்து வரும். வெடிப்பைத் தடுக்க ரப்பரில் ஒருவகை மெழுகு சேர்ப்பார்கள். டயர் ஓடி வளைந்து நெளியும்போது அந்த மெழுகு மேலே கசிந்து காப்பு கொடுக்கும். ஓடாமல் கிடக்கிற டயருக்கு அந்தப் பாக்கியமும் இல்லை.

2012 செப்டம்பரில் இங்கிலாந்தின் சர்ரே பகுதியில், இசைவிழாவுக்குப் போய்த் திரும்பியவர்களை ஏற்றிவந்த ஒரு பஸ் முன் டயர் வெடித்து மரத்தில் மோதியது. மூன்று பேர் இறந்தார்கள். அந்த டயருக்கு 19 வயது. பஸ்ஸைவிட மூத்த டயர்! பட்டன் ஆழத்தில் சட்டப்படி ஒரு குறையும் சொல்ல முடியவில்லை. இறந்த இளைஞன் ஒருவனின் தாய் விடாமல் போராடினார். 2021 பிப்ரவரி 1 முதல், லாரி, பஸ்களின் முன் சக்கரத்தில் 10 வயது தாண்டிய டயர் ஓடக் கூடாது என்று அங்கே சட்டமே வந்துவிட்டது. அமெரிக்காவில் 2000-இல் ஃபயர்ஸ்டோன் 65 லட்சம் டயர்களைத் திரும்பப் பெற்றபோதும், பட்டன் பிரிந்து நேர்ந்த விபத்துகள் வெயில் கொளுத்தும் மாநிலங்களில்தான் அதிகம். நம் மோட்டார் வாகன விதி காருக்கு 1.6 மில்லிமீட்டர் பட்டன் இருக்கிறதா என்றுதான் கேட்கிறது, டயரின் பிறந்த வருடத்தைக் கேட்பதில்லை. கேட்க வேண்டியது உன்னையும் என்னையும் போன்றவர்கள்தான்.

இப்போது உன் அட்டவணைக்கு வருகிறேன். எந்த டயர் 50 ஆயிரம் கிலோமீட்டர் ஓடும், எது 80 ஆயிரம் ஓடும், கிலோமீட்டருக்கு எத்தனை பைசா விழும் என்று ஒரு பக்கம் முழுக்கக் கட்டம் போட்டிருக்கிறாய். அதே கட்டுரையில், வீட்டுக் கார் வருடத்துக்கு நாலாயிரம் கிலோமீட்டர் ஓடினால் அதிகம் என்கிறாய். முகூர்த்தம், கொளஞ்சியப்பர் கோயில், எப்போதாவது பெரம்பலூர் ஆஸ்பத்திரி. நீ சிபாரிசு செய்த டயர் தேய்ந்து முடிய இருபது வருடம் ஆகும். 15 வருடம் முடிந்து, எஃப்.சி. காட்டி, 2028 வரைக்கும் ஆர்.சி. வாங்கி வைத்திருக்கிற காருக்கு இருபது வருடத்து டயர் எதற்கப்பா?

அந்த நீண்ட ஆயுளுக்கு நீ என்ன விலை கொடுத்தாய் என்றும் எழுதவில்லை. தேயாமல் உழைப்பதற்கென்றே கூட்டிய ரப்பர் பெரும்பாலும் ஈரத்தில் பிடிப்பை விட்டுக்கொடுக்கும். சிலிக்கா சேர்த்து இரண்டையும் ஓரளவு எட்டிப் பிடிக்கலாம், விலை ஏறும். ஐப்பசி முதல் மழையில் தார் ரோட்டில் ஊறிக் கிடந்த எண்ணெயும் தூசியும் கிளம்பி வழவழப்பாகிற நேரத்தில், பெண்ணாடம் ரோட்டில் குறுக்கே ஒரு மாடு வந்தால், உனக்கு வேண்டியது பிரேக் அடித்தால் நிற்கிற டயர். குறைவாக ஓடுகிற பழைய காருக்கு மைலேஜைக் கேட்காதே. ஈரப் பிடிப்பைக் கேள், பிறந்த வாரத்தைக் கேள். எம்.ஆர்.எஃப்பா, அப்போலோவா, சியட்டா, பிரிட்ஜ்ஸ்டோனா என்கிற பட்டிமன்றத்தில் எனக்கு ருசி இல்லை.

பிறந்த வாரம் என்றேன். உன் கட்டுரையில் அதைப் பற்றி ஒரு வார்த்தை கிடையாது. எத்தனை பேருக்குச் சொல்லிச் சொல்லி என் தொண்டை வறண்டிருக்கிறது! சைடுவாலில் நாலு இலக்கம். 2319 என்றால் 2019-ஆம் வருடத்தின் 23-ஆவது வாரம். நாலு இல்லாமல் மூன்றே இலக்கம் இருந்தால் அது 2000-க்கு முந்திய டயர், தொடவே தொடாதே. பல டயர்களில் இந்த எண் ஒரு பக்கம்தான் இருக்கும். மாட்டும்போது அது உள்பக்கம் போய்விட்டால் அப்புறம் காருக்கு அடியில் படுத்துத்தான் படிக்க வேண்டும். ஆகவே ரிம்மில் ஏற்றுவதற்கு முன்பே பார்த்து, எண்ணைப் பில்லில் எழுதச் சொல்ல வேண்டும். முகம் சுளிக்கிற கடைக்காரரிடம் வாங்கவே வேண்டாம். நிழலில், குளிர்ச்சியில் அடுக்கி வைத்த டயர் இரண்டு மூன்று வருடம் இருந்தாலும் கெடாது என்று கம்பெனிக்காரர்கள் சொல்வார்கள். நிழலும் குளிர்ச்சியும் அவர்கள் குடோனில் இருக்கலாம். மே மாதத்தில் தகரக் கூரைக்குக் கீழே நம் ஊர்க் கடையின் மாடியில் ஏறி நின்று பார்த்திருக்கிறாயா? ஆறு மாதத்துக்கு மேற்பட்ட டயரை நான் வாங்க மாட்டேன், வாங்கவும் விட மாட்டேன். தொழுதூரில் ஏறித் திருச்சிப் பக்கம் போனால், பெரம்பலூர் தாண்டி நாரணமங்கலத்தில் ரோட்டோரமே எம்.ஆர்.எஃப். ஆலை. ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் பக்கமும் டயர் ஆலைகள்தான். இத்தனை ஆலைகளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு இரண்டு வருடத்துப் பழசை வாங்குகிற தலையெழுத்து நமக்கு எதற்கு?

இந்த மைலேஜ் புத்தி உனக்கு எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும். அது எங்கள் காலத்து டாக்சிக்காரர்களின் புத்தி. விருத்தாசலத்தில் ரீட்ரேடிங் பட்டறையில் நான் வேலைக்குச் சேர்ந்த நாட்களில் ஊரில் கார் என்றாலே அம்பாசிடர். 5.90-15 அளவு, ட்யூப் போட்ட நைலான் டயர். ஜங்ஷன் வாசலில் நிற்கிற வண்டிகள் இரவு பகல் என்று பார்க்காமல் ஓடும். பீங்கான் பொம்மைகளை வைக்கோலில் பொதிந்து அட்டைப்பெட்டிகளில் அடைத்து, பின் சீட்டைக் கழற்றிவிட்டு, கூரை வரை ஏற்றிக்கொண்டு சென்னைக்குப் போவார்கள். டயர் மொட்டையானதும் எங்களிடம் வரும். உரசிச் சொரசொரப்பாக்கி, சொல்யூஷன் அடித்து, டிரெட் ரப்பரைச் சுற்றி, அச்சில் போட்டு நீராவியில் வேக வைப்போம். பட்டறையைவிட்டு வெளியே வந்தாலும் அந்த வாடை சட்டையில் இருக்கும். ஒரே டயர் இரண்டாம் தடவை, மூன்றாம் தடவைகூட வரும். எம்.ஆர்.எஃப்பே டயரில் தொடங்கிய கம்பெனி இல்லை, தெரியுமா? மாமன் மாப்பிள்ளை 1946-இல் திருவொற்றியூரில் தொடங்கியது பலூன் பட்டறை. 1952-இல் டிரெட் ரப்பருக்கு வந்தார். மான்ஸ்ஃபீல்டு என்கிற அமெரிக்கக் கம்பெனியோடு கைகோத்து டயருக்குள் இறங்கியது 1961-இல்தான். புது டயர் எல்லாருக்கும் எட்டாத காலத்தில் பழைய டயருக்குத் தோல் மாற்றுவதுதான் பெரிய வியாபாரம்.

அப்போது ஒரு டயருக்கு வயதாக நேரமே கிடையாது. வருடம் திரும்புவதற்குள் மொட்டையாகிவிடும். எத்தனை மைல் ஓடியது என்பது ஒன்றுதான் கேள்வி, அது நியாயமான கேள்வியும்கூட. அந்த டாக்சிக்காரர் இன்றைக்கு இல்லை. அவர் கேட்ட கேள்வி மட்டும் வாரத்துக்கு ஒருநாள் ஷெட்டிலிருந்து வெளியே வருகிற வீட்டுக் கார்களுக்கும் வந்து ஒட்டிக்கொண்டுவிட்டது.

அம்பாசிடர் என்றதும் உன் இன்னொரு வரி ஞாபகம் வருகிறது. எஞ்சின் முன்னால் இருப்பதால், இழுப்பதும் முன் சக்கரம் என்பதால், புதுசை முன்னால் போட்டுவிட்டு ஸ்டெப்னியைப் பாரம் குறைந்த பின்பக்கம் தள்ளினேன் என்று, ஏதோ எல்லாருக்கும் தெரிந்த விஷயம்போல எழுதிவிட்டுப் போகிறாய். தண்ணீர் தேங்கிய ரோட்டில் முன் சக்கரம் வழுக்கினால் கார் நேரே போகும். ஆக்சிலரேட்டரைவிட்டுக் காலை எடுத்தால் பிடிப்பு திரும்பி வரும். பின் சக்கரம் வழுக்கினால் கார் அப்படியே சுழன்றுவிடும், உன் அப்பாவால் மட்டுமில்லை, ரேஸ் ஓட்டுகிறவனாலும் அதைத் திருப்புவது கஷ்டம். இரண்டு டயர்தான் வாங்க முடியும் என்றால் புதுசு பின்னால்தான் போக வேண்டும், எந்தச் சக்கரம் இழுத்தாலும் சரி. மிஷலின் மாதிரி பெரிய கம்பெனிகளே இதைத்தான் சொல்கின்றன. அம்பாசிடருக்குப் பின் சக்கரம் இழுப்பதால் எங்கள் ஆட்கள் புதுசைப் பின்னால் போட்டார்கள். காரணம் வேறாக இருந்தாலும் செய்தது சரியாக இருந்தது. உன் காரணமும் தப்பு, வேலையும் தப்பு.

திட்டி முடித்துவிட்டேன். இப்போது கேள். பழைய டயரைக் கழற்றியதும், உள் ஓரத்தில் உள்ளங்கையை வைத்து ஒரு திசையில் தடவினால் வழவழப்பு, மறுதிசையில் தடவினால் ரம்பம்போலப் பிடிக்கிறது, ஆகவே டயரைக் குறை சொல்லாமல் லோயர் ஆர்ம் புஷ்ஷைப் பார் என்று ஒரு பத்தி எழுதியிருக்கிறாயே, அதற்கு இணையாக ஒன்றை நான் தமிழில் படித்ததில்லை. நான் எழுதிய எதிலும் இந்தத் துல்லியம் கிடையாது. புஷ் மாற்றாமல் அலைன்மென்ட் மட்டும் செய்து காசு பிடுங்குகிற இடங்களைப் பற்றி நீ சொன்ன இரண்டு வாக்கியங்களை எங்கள் காலத்து ஃபோர்மேன்கள் படித்திருந்தால் உன்னைத் தூக்கிக் கொண்டாடியிருப்பார்கள். கையால் பார்த்துக் கண்டுபிடித்து அதை அப்படியே எழுத்தில் கொண்டுவருகிறவர்கள் இந்தத் தொழிலில் மிகக் குறைவு. மற்ற பக்கங்களை நெட்டிலிருந்து எடுத்த அட்டவணையால் நிரப்பாமல் அந்தப் பத்தி மாதிரியே எழுதியிருந்தால் இந்தக் கடிதத்துக்கு வேலையே இருந்திருக்காது.

2025 செப்டம்பர் 22 முதல் டயருக்கு ஜி.எஸ்.டி. 28 சதவீதத்திலிருந்து 18 ஆகிவிட்டது. நாலாவது டயரை வாங்காமலிருக்க நீ சொன்ன காரணமும் போயிற்று. இந்த வாரமே வாங்கு, எண்ணைப் பார்த்து வாங்கு. ஸ்டெப்னி இடத்துக்கு, இப்போது கழற்றிய நாலில் வயதும் பட்டனும் பரவாயில்லாத ஒன்று இருந்தால் வை. அவசரத்துக்குப் பஞ்சர் கடை வரை போக அது போதும், நாற்பதுக்கு மேல் ஓட்ட வேண்டாமென்று அப்பாவிடம் சொல்லிவிடு. அடுத்த இதழில் ஸ்டெப்னி பற்றி நாலு வரி திருத்தமும் எழுது. உன் கட்டுரையைப் படித்துவிட்டு இன்னும் எத்தனை பேர் டிக்கியைத் திறந்தார்களோ.

அந்த 2008 டயரை மட்டும் பழைய டயர்க் கடையில் முழுசாகப் போட்டுவிடாதே. பட்டனைப் பார்த்து யாராவது வாங்கி மாட்டிவிடுவார்கள். சைடுவாலைக் கத்தியால் நாலு இடத்தில் கீறிவிட்டுக் கொடு.