தயிரும் நுண்கிருமியும்: வியாபாரிகள் அறிய வேண்டியவை

தயிர் நமக்குப் புதிய பொருளல்ல. பிரியாணி இறைச்சியில் புரட்டவும், வெங்காயப் பச்சடி செய்யவும், வெயில் நேரத்தில் மோராகக் கலக்கவும் அன்றாடம் அதைப் புழங்குகிறோம். நம்மில் பலர் கடையில் வைத்து விற்கவும் செய்கிறோம். ஆயினும், பால் எவ்வாறு தயிராகிறது, அதனால் உடம்புக்கு விளையும் நன்மை யாது என்று வாடிக்கையாளர் கேட்டால் சரியான பதில் சொல்லக்கூடியவர் நம்மிடையே சிலரே. விற்கும் சரக்கின் குணத்தை அறிந்திருப்பது வியாபாரியின் கடமை. ஆதலால் அதனை இங்கே சுருக்கமாக எழுதுகிறோம்.

பாலில் லாக்டோஸ் என்னும் ஒருவகைச் சர்க்கரை உண்டு. உறை ஊற்றியதும் உறைமோரிலுள்ள நுண்கிருமிகள் அச்சர்க்கரையை உண்டு, லாக்டிக் அமிலம் என்னும் புளிப்பை உண்டாக்குகின்றன. புளிப்பு ஏற ஏற, பாலிலுள்ள கேசின் என்னும் புரதச்சத்து ஒன்றோடொன்று பிணைந்து கட்டியாகிறது. இதுவே தயிர். கிருமி என்றவுடன் நோய் என்று அஞ்ச வேண்டியதில்லை. இவை நோய் செய்யும் இனமல்ல. இவை உண்டாக்கும் புளிப்பில், கெடுதி செய்யும் கிருமிகள் பல பெருக முடிவதில்லை. பாலைவிடத் தயிர் அதிக நாள் தாங்குவதற்குக் காரணம் அதுவே.

டப்பாவில் வரும் 'யோகர்ட்' என்பது துருக்கியரின் சொல். தொழிற்சாலையில் அதைச் செய்ய இரண்டு கிருமிகளைச் சேர்க்கிறார்கள். ஒன்று லாக்டோபாசிலஸ் பல்காரிகஸ்; மற்றொன்று ஸ்ட்ரெப்டோகாக்கஸ் தெர்மோபிலஸ். கூட்டு வியாபாரிகளைப் போல ஒன்றுக்கு வேண்டியதை மற்றொன்று கொடுத்து இரண்டும் விரைவாகப் பெருகும். 40 முதல் 45 டிகிரி உஷ்ணமே இவற்றுக்கு உகந்தது. நம் வீட்டு உறையிலோ வேறு இனங்களும் கலந்திருக்கும். வீட்டுக்கு வீடு தயிரின் ருசி வேறுபடுவது அதனால்தான். கொதிக்கும் பாலில் உறை ஊற்றினால் கிருமி மடிந்துவிடும். பால் வெதுவெதுப்பாக ஆற வேண்டும். பால் மாவைக் கரைத்துக் காய்ச்சியும் நல்ல தயிர் தோய்க்கலாம். இனிப்பு டின் பாலில் அப்படியே உறை ஊற்றினால் சர்க்கரை மிகுதியால் சரியாகத் தோயாது.

இக்கிருமியை ஆராய்ந்து கண்டவர் ஸ்டாமன் கிரிகோரோவ் என்னும் பல்கேரிய மாணவர். அவர் 1905-ஆம் ஆண்டில் ஜெனீவா நகரில் இதைக் கண்டார். பாரிஸில் பாஸ்டர் ஆராய்ச்சிக் கழகத்திலிருந்த மெச்னிகாவ் என்னும் பேரறிஞர், பல்கேரியக் குடியானவரின் நீண்ட ஆயுளுக்குப் புளித்த பாலே காரணம் என்று கருதினார். அவர் 1908-இல் நோபல் பரிசு பெற்றவர். ஆனால் அப்பரிசு உடம்பின் நோயெதிர்ப்பைப் பற்றிய ஆராய்ச்சிக்கே அன்றித் தயிருக்கு அல்ல. அவரது எண்ணமும் முழுதும் நிலைக்கவில்லை. பல்காரிகஸ் கிருமி நம் குடலில் நிலையாகக் குடியேறுவதில்லை என்று பின்னர் தெரிந்தது. 1919-இல் பார்சிலோனாவில் ஐசக் கராசோ என்பவர் யோகர்ட்டை டானோன் என்ற பெயரில் செய்தபோது, அது முதலில் மருந்துக் கடைகளில்தான் விற்பனையாயிற்று. தயிரை மருந்தென்று எண்ணும் வழக்கம் அன்றும் இருந்தது.

அப்படியானால் உறுதியான நன்மை எது? பால் குடித்தால் வயிறு உப்பி வயிற்றோட்டம் காண்பவர் பலர். ஆசியாவில் இத்தகையோர் மிகுதி. லாக்டோஸைச் செரிக்கும் சக்தி அவர்களுக்குக் குறைவு. உயிருள்ள தயிர்க் கிருமிகள் அந்த வேலையில் உதவுகின்றன. ஆகவே பால் ஒவ்வாதவர் பலருக்குத் தயிர் ஒத்துக்கொள்கிறது. ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2010-இல் இதனை ஒப்புக்கொண்டது. ஆனால் கிராமுக்குக் குறைந்தது 10 கோடி உயிர்க் கிருமிகள் இருக்க வேண்டும் என்று நிபந்தனையும் வைத்தது. புரதமும் சுண்ணாம்புச் சத்தும் தயிரில் நிறைய உண்டு என்பதும் உறுதி. நீரிழிவைப் பொறுத்தவரை, தவறாமல் தயிர் உண்பது அந்நோய் வரும் அபாயத்தைக் குறைக்கக்கூடும், ஆனால் சான்று குறைவு என்று அச்சிட அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2024-இல் அனுமதித்தது. 'குறைக்கக்கூடும்' வேறு, 'குணப்படுத்தும்' வேறு.

எனவே கடை நடத்தும் நாம் சிலவற்றைக் கருத்தில் வைக்க வேண்டும். தயிரைக் குளிர்பெட்டியில் ஏறக்குறைய 4 டிகிரியில் வைக்க வேண்டும். குளிர் கிருமியைக் கொல்வதில்லை, அதன் வேலையை மந்தமாக்குகிறது. மின்சாரச் செலவுக்கு அஞ்சி இரவில் பெட்டியை நிறுத்தினால் சரக்குப் புளிக்கும், பெயரும் புளிக்கும். தோய்ந்தபின் மறுபடி சூடாக்கப்பட்ட யோகர்ட்டில் கிருமிகள் மடிந்திருக்கும். அதை உயிர்க் கிருமியுள்ளது என்று சொல்லி விற்பது பொய். பழச்சுவை யோகர்ட்டில் சர்க்கரை அதிகம். நீரிழிவுக்காரருக்கு இனிப்பில்லாததையே காட்ட வேண்டும். சிலவற்றில் கெட்டியாக்க ஜெலட்டின் சேர்ப்பதுண்டு. அது எந்தப் பிராணியினுடையது என்று பெயரளவில் தெரியாது. ஆகவே ஹலால் முத்திரையைப் பார்த்தே சரக்கெடுக்க வேண்டும்.

நோயாளி ஒருவர் நம் சொல்லை நம்பி, மருந்தை விட்டுத் தயிரை வாங்கிச் செல்வாரானால் அந்த லாபம் நமக்கு லாபமாகாது. தயிர் நல்ல உணவு. அதை உணவென்று சொல்லி, சுத்தமாகவும் குளிர்ச்சியாகவும், சரியான தேதியோடும் விற்போமாக. உண்மையைச் சொல்லி விற்ற சரக்குக்கே வாடிக்கையாளர் மறுநாளும் வருவார்.