கடைசி பஸ் எத்தனை மணிக்கு?

கண்ணு, திருவேற்காட்டில் இருந்துகொண்டு வேலை தேடுகிறவர்களுக்கு வழிகாட்டும் தொழிலுக்குப் போகிறேன் என்கிறாய். முப்பது வருஷம் இதிலேயே தடுக்கித் தடுக்கி நடந்தவன் சொல்கிறேன், கேள்.

1. முதலில் உன் சோற்றுக்கு வழி பார். அரசு வேலை என்றால் டி.என்.பி.எஸ்.சி. குரூப் 2-ல் இளநிலை வேலைவாய்ப்பு அலுவலர், குரூப் 1-ல் மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலர். இடங்கள் கொஞ்சம்தான். பரீட்சை எழுது, அதையே நம்பி உட்காராதே. பூந்தமல்லி, ஆவடிப் பக்கத்துக் கல்லூரிகளின் பிளேஸ்மென்ட் பிரிவு, அம்பத்தூர் எஸ்டேட்டைச் சுற்றியிருக்கும் கன்சல்டன்சிகள், 2022-ல் தொடங்கிய ‘நான் முதல்வன்’ திட்டத்தை ஒட்டிய பயிற்சி வேலைகள், இவற்றையும் தட்டிப் பார். பலதும் கான்ட்ராக்ட்தான்.

2. கோலடியிலிருந்து ஒரு பெண் வந்தாள். பிளாஸ்டிக் கவரில் மார்க் ஷீட், மூன்று போட்டோ. எஸ்டேட்டில் ஒரு கம்பெனியில் அன்றைக்கே சேர்த்துவிட்டேன். மார்தட்டிக்கொண்டேன். பதினோராம் நாள் நின்றுவிட்டாள். இரண்டாம் ஷிப்ட் முடிந்து வெளியே வந்தால் வீட்டுக்குப் பஸ் இல்லை. தினமும் அப்பா சைக்கிளில் வந்து கேட்டில் காத்திருந்திருக்கிறார். சம்பளம் கேட்டேன், இ.எஸ்.ஐ. கேட்டேன், பஸ்ஸைக் கேட்கவில்லை. நோட்டில் அவள் பெயருக்கு எதிரே நான் போட்ட டிக் அப்படியே இருக்கிறது. எத்தனை பேரைச் சேர்த்தாய் என்று எண்ணாதே. ஆறு மாசம் கழித்தும் யார் இருக்கிறார்கள் என்று எண்ணு.

3. வேலை கேட்டு வந்தவனிடம் காசு வாங்காதே. கம்மல் அடகுக்குப் போன பணத்தில் டீ குடித்தால் தொண்டையில் இறங்காது.

4. வேலைவாய்ப்பு அலுவலகப் பதிவைக் கேலி செய்யாதே, அதையே கடவுளாகவும் காட்டாதே. 1959-ஆம் வருஷச் சட்டம் காலியிடத்தை அறிவிக்கச் சொன்னது. அனுப்பிய ஆளை எடுக்கச் சொல்லவில்லை. இதைப் பக்குவமாகச் சொல். மூன்று வருஷத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க நினைவூட்டு. பதிவு செய்து ஐந்து வருஷம் காத்திருந்த ஏழைப் பட்டதாரிக்கு மாதம் 600 ரூபாய் உதவித்தொகை உண்டு. அதுகூடத் தெரியாமல் போகிறவர்கள் எத்தனையோ பேர்.

5. அப்பா பேசுவார், பிள்ளை தரையைப் பார்ப்பான். அப்பாவை ஒரு டீ குடித்துவிட்டு வரச் சொல்லிவிட்டுப் பிள்ளையிடம் கேள். மெக்கானிக் வேலைதான் பிடிக்கும் என்பான். திட்டாதே. அம்பத்தூரில் ஐ.டி.ஐ. இருக்கிறது, அப்ரண்டிஸ் இருக்கிறது.

6. மேஜையிலேயே உட்கார்ந்திருக்காதே. ஷிப்ட் விடும் நேரத்தில் கம்பெனி கேட் எதிரே டீக்கடையில் நில். போர்டில் எழுதாதது அங்கே காதில் விழும். திங்கட்கிழமை சாயங்காலம் வா, முதல் நாள் நானும் கூட வருகிறேன்.