ரைடர்கள் கூடிப் படம் பார்க்க: முதல்முறை நடத்துபவர்களுக்கு முழுமையான வழிகாட்டி

வண்டி ஓட்டுகிறவர்கள் பத்துப் பேர் ஒரு பழைய பைக் படத்தைச் சேர்ந்து பார்த்தால், படம் முடிந்த பிறகும் யாரும் எழுந்து போக மாட்டார்கள். அப்படி ஒரு மாலையை நீங்களே நடத்தலாம்.

எந்தப் படம்?

எல்லாவற்றுக்கும் முன் இதை முடிவு செய்யுங்கள். பலருக்கும் முதலில் நினைவுக்கு வருபவை மார்லன் பிராண்டோ நடித்த ‘தி வைல்டு ஒன்’ (1953), ‘ஈஸி ரைடர்’ (1969) ஆகிய இரண்டும்தான். முதல் படத்தில் பைக் கும்பல் ஓர் ஊரையே கலங்கடிக்கிறது. இரண்டாவதில் நாயகர்கள் சாலையிலேயே சாகிறார்கள். இரண்டும் பார்க்க வேண்டிய படங்களே. ஆனாலும் முதல் கூட்டத்துக்கு நான் சொல்வது 1971இல் புரூஸ் பிரவுன் எடுத்த ‘ஆன் எனி சண்டே’ என்ற ஆவணப்படம். வண்டி ஓட்டுவதில் இருக்கும் சந்தோஷத்தை இவ்வளவு நேர்மையாகக் காட்டிய படம் வேறு இல்லை என்பது என் உறுதியான எண்ணம். தொடக்கத்திலேயே சிறுவர்கள் சைக்கிளை மோட்டார் பைக்காகப் பாவித்துப் பாய்கிறார்கள். குழந்தைகளையும், வண்டியே ஓட்டாத வீட்டாரையும் தயங்காமல் அழைக்கலாம்.

படத்துக்கு முன் ஐந்து நிமிடம்

அமெரிக்கப் பந்தய முறை தெரியாதவர்களுக்குப் படத்தின் பாதி புரியாது. எனவே சுருக்கமாகச் சொல்லிவிடுங்கள். அந்நாளில் தேசியச் சாம்பியனுக்கு மறு ஆண்டு ‘1’ என்ற எண் பலகை கிடைத்தது. மண் ஓட்டப்பாதை முதல் தார்ச்சாலைவரை பலவகைப் பந்தயங்களில் சேர்ந்த புள்ளிகளே சாம்பியனைத் தீர்மானித்தன. 1969இல் வென்ற மெர்ட் லாவில், 1970இல் அந்த எண்ணைத் தக்கவைக்கப் போராடுவதுதான் படத்தின் முதுகெலும்பு. முடிவைச் சொல்லிவிடாதீர்கள். படத்தில் வரும் இன்னொருவர் மால்கம் ஸ்மித். எந்தக் கரடுமுரடான நிலத்திலும் சிரித்தபடியே ஓட்டுவார். மூன்றாமவர் ஹாலிவுட் நட்சத்திரம் ஸ்டீவ் மெக்வீன். படத்துக்குப் பணம் போட்டதும் அவருடைய நிறுவனமே. ஆனால் எல்சினோர் என்ற ஊரில் நடந்த பந்தயத்தில் புழுதி தின்னும் நூற்றுக்கணக்கானவர்களில் அவரும் ஒருவர், அவ்வளவுதான். ஹெல்மெட்டில் கேமரா பொருத்தி எடுத்த காட்சிகள் வரும்போது இளைஞர்களின் முகத்தைப் பாருங்கள். இன்றைய ரைடு வீடியோக்களின் மூதாதை அது.

உரிமம்

வீட்டில் பார்க்க வாங்கிய டிவிடியைப் பொது இடத்தில் திரையிடக்கூடாது. கட்டணம் வாங்காவிட்டாலும் உரிமையாளரிடம் முன்கூட்டியே அனுமதி பெறுங்கள்.

வண்டி நிறுத்தம்

இந்தக் கூட்டத்தில் நாற்காலியைவிட இதுதான் முக்கியம். மண் தரையாக இருந்தால் சைடு ஸ்டாண்டு மெல்ல உள்ளே இறங்கி வண்டி சாயும். ஒன்று சாய்ந்தால் பக்கத்து வண்டியையும் தள்ளிவிடும். ஸ்டாண்டுக்கு அடியில் வைக்கத் தட்டையான பலகைத் துண்டுகளை நிறையச் சேர்த்து வையுங்கள். சரிவில் நிறுத்துகிறவர்கள் கியரில் போட்டு நிறுத்தட்டும். வண்டிகள் கிளம்பும் திசையைப் பார்த்தபடி நிற்க வேண்டும், இருவர் நடந்து போகுமளவு இடைவெளியும் வேண்டும். சூடான சைலன்சர் பக்கம் குழந்தைகள் போகாதபடி ஒரு கயிறு கட்டுங்கள். ஹெல்மெட், ஜாக்கெட் வைக்க ஒரு மேசை போட்டு, அதைப் பார்த்துக்கொள்ள ஓர் ஆளை நிறுத்துங்கள்.

திரையும் ஒலியும்

திறந்தவெளி என்றால் நன்றாக இருட்டிய பிறகுதான் படம் தெளியும். திரையை நான்கு மூலையிலும் இழுத்துக் கட்டுங்கள், இல்லாவிட்டால் காற்று சும்மா விடாது. ஸ்பீக்கரில் கஞ்சத்தனம் வேண்டாம்: எஞ்சின் சத்தம் நெஞ்சில் அதிராவிட்டால் இந்தப் படத்தில் பாதி போய்விடும். ஜெனரேட்டரைத் தொலைவில் வையுங்கள். படம் ஓடும்போது யாரும் வண்டியை ஸ்டார்ட் செய்யக்கூடாது என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

வீடு திரும்ப

பந்தயப் படம் பார்த்த கை ஆக்சிலரேட்டரை முறுக்கத் துடிக்கும். எனவே தேநீர் கொடுத்து அரைமணி நேரம் பேசவிட்டு அனுப்புங்கள். மது கூடவே கூடாது. கறுப்பு வைசர் மட்டும் வைத்திருப்பவர்களை, இரவில் திரும்புவதற்காக நிறமற்ற வைசரும் கொண்டுவரும்படி அழைப்பிலேயே கேட்டுக்கொள்ளுங்கள். தொலைவிலிருந்து வந்தவர்களை ஒரே வழியில் போகும் இன்னொருவரோடு சேர்த்து அனுப்பி, வீடு சேர்ந்ததும் ஒரு செய்தி போடச் சொல்லுங்கள்.