விளம்பரத்துக்கு ‘வேண்டாம்’ சொல்லும் உரிமை

கேள்வி: எனக்குச் சர்க்கரை நோய் இருப்பது போன மாதம்தான் தெரிந்தது. வீட்டில்கூட முழுதாகச் சொல்லவில்லை. மாத்திரை, உணவு முறை பற்றி இணையத்தில் நாலைந்து இடங்களில் படித்தேன். இப்போது ஃபேஸ்புக்கைத் திறந்தாலே சுகர் மீட்டரும் ‘சர்க்கரையைக் குறைக்கும்’ பொடியும்தான். நான் அங்கே ஒரு வரிகூட எழுதவில்லையே! இதை நிறுத்தச் சொல்ல எனக்கு உரிமை உண்டா?
— வாசகி, ஈஸ்ட் ஹாம், லண்டன்

பதில்: உண்டு. பிரிட்டனின் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில் (ஜி.டி.பி.ஆர்.) 21ஆம் பிரிவைப் பாருங்கள். ‘என் தகவலை வைத்து எனக்கு நேரடி விளம்பரம் செய்யாதே’ என்று நீங்கள் சொன்னால், நிறுவனம் நிறுத்தியே ஆகவேண்டும். காரணம் கேட்க அதற்கு உரிமை இல்லை.

நீங்கள் எழுதாமலே எப்படித் தெரிந்தது? பல இணையதளங்கள், ஃபேஸ்புக்கின் தாய் நிறுவனமான மெட்டா தரும் ‘பிக்சல்’ என்ற நிரலைப் பொருத்தியிருக்கின்றன. எந்தப் பக்கத்தைப் பார்த்தீர்கள் என்பதை அது மெட்டாவுக்கு அனுப்பிவிடும். பிரிட்டனின் அரசு மருத்துவச் சேவையான என்.எச்.எஸ்.-இன் 20 டிரஸ்ட்களின் தளங்களிலேயே அது இருந்ததை 2023இல் ‘அப்சர்வர்’ இதழ் வெளிக்கொணர்ந்தது. உடல்நலத் தகவலுக்குச் சட்டம் கூடுதல் காவல் தருகிறது. உங்கள் வெளிப்படையான சம்மதம் இல்லாமல் அதை விளம்பரத்துக்குப் பயன்படுத்தக் கூடாது.

இந்த உரிமைக்காக லண்டனில் ஒரு பெண் வழக்கே போட்டார். டான்யா ஓ’கரோல் கர்ப்பமாக இருந்ததை மற்றவர்களிடம் சொல்லும் முன்பே, ஃபேஸ்புக்கில் குழந்தை தொடர்பான விளம்பரங்கள் வரத் தொடங்கின. 2022இல் அவர் மெட்டா மீது உயர் நீதிமன்றத்துக்குப் போனார். ‘எங்கள் விளம்பரம் குறைந்தது நூறு பேர் கொண்ட குழுவுக்குத்தான் போகிறது, தனி ஆளுக்கு அல்ல, ஆகவே இது நேரடி விளம்பரம் ஆகாது’ என்றது மெட்டா. தகவல் ஆணையர் அலுவலகமான ஐ.சி.ஓ. டான்யாவின் பக்கம் நின்றது. மார்ச் 2025இல் வழக்கு சமரசத்தில் முடிந்தது. அவருடைய தகவலை வைத்து விளம்பரம் காட்டுவதை நிறுத்த மெட்டா ஒப்புக்கொண்டது. இது சமரசம்தான், எல்லோரையும் கட்டுப்படுத்தும் தீர்ப்பல்ல. ஆனால் ஐ.சி.ஓ.வின் நிலைப்பாடு உங்களுக்கும் துணை நிற்கும்.

செய்யவேண்டியவை:

1. ஃபேஸ்புக்கின் ‘அக்கவுன்ட்ஸ் சென்டர்’ பகுதியில் ‘ஆட் பிரிஃபரன்சஸ்’ என்பதைத் திறந்து, பிற தளங்களிலிருந்து வந்த தகவலை விளம்பரத்துக்குப் பயன்படுத்த வேண்டாம் என்று தேர்ந்தெடுங்கள்.

2. ‘21ஆம் பிரிவின்படி நேரடி விளம்பரத்தை மறுக்கிறேன்’ என்று நிறுவனத்துக்கு எழுதுங்கள். 15ஆம் பிரிவின்படி உங்களைப் பற்றி வைத்திருக்கும் தகவலின் நகலையும் கேளுங்கள். பொதுவாக ஒரு மாதத்துக்குள், கட்டணமின்றித் தரவேண்டும்.

3. பதில் வராவிட்டாலோ மறுத்தாலோ ஐ.சி.ஓ.விடம் புகார் செய்யுங்கள். இதற்கும் செலவில்லை; வக்கீல் தேவையில்லை.

செப்டம்பர் 2025இல் மெட்டா பிரிட்டனில் விளம்பரமில்லாத கட்டணச் சேவையை அறிவித்தது: இணையத்தில் மாதம் 2.99 பவுண்டு, போனில் 3.99 பவுண்டு. ஐ.சி.ஓ. அதை வரவேற்றது. எனக்கு அதில் உடன்பாடில்லை. நோயை மறைத்து வைப்பது காசு உள்ளவருக்கு மட்டும் கிடைக்கும் வசதியாகிவிடக் கூடாது.

சட்டத்தில் இருக்கும் உரிமை தானாக வந்து உங்களைக் காப்பாற்றாது. மறுப்பை எழுத்தில் அனுப்புங்கள், நகலைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். இன்றைக்கே எழுதுங்கள்.