மின்தடம் யார் கையில்?

வடக்கு தெற்கு நெடுஞ்சாலையில் பயணம் செய்யும்போது, செம்பனைத் தோட்டங்களைக் கடந்து வரிசையாகச் செல்லும் இரும்புக் கோபுரங்களை நீங்கள் பார்த்திருப்பீர்கள். மின்னிலையங்களில் உற்பத்தியாகும் மின்சாரம் அவற்றில் தொங்கும் கம்பிகளின் வழியாகவே நகரங்களை வந்தடைகிறது. தீபகற்ப மலேசியாவில் இம்மின்தடங்கள் 132, 275, 500 கிலோவோல்ட் அழுத்தங்களில் இயங்குகின்றன. ஒரே அளவு மின்சாரத்தை உயர் அழுத்தத்தில் அனுப்பினால், கம்பியில் வெப்பமாக வீணாகும் ஆற்றல் குறையும்.

இத்தகைய புதிய தடங்களை யார் அமைக்க வேண்டும்? அவற்றை யார் கட்டுப்படுத்த வேண்டும்? இவ்வினாக்களுக்கான விடை, நாம் செலுத்தும் மின்கட்டணத்தோடும் நம் வீட்டு விளக்கு அணையாமல் எரிவதோடும் தொடர்புடையது.

1990ஆம் ஆண்டில் தேசிய மின்சார வாரியத்தின் பொறுப்புகளைத் தெனாகா நேஷனல் நிறுவனம் ஏற்றுக்கொண்டது. 1992ஆம் ஆண்டு செப்டம்பரில் தீபகற்பம் முழுவதும் மின்தடை ஏற்பட்டது. அதற்கு அடுத்த ஆண்டு முதல், மின்னிலையம் கட்டும் உரிமம் தனியார் நிறுவனங்களுக்கும் வழங்கப்பட்டது. ஆனால், மின்தடங்கள் தெனாகாவிடமே இருந்தன. இதற்குக் காரணம் உண்டு. ஓர் ஊரில் பல கடைகள் போட்டியிடலாம். அதனால் விலை குறையும். ஒரே ஊருக்கு இரண்டு நிறுவனங்கள் தனித்தனியே கோபுரங்களை நிறுவினால், செலவு இரட்டிப்பாகும்; அச்செலவு இறுதியில் மக்கள் தலையில்தான் விழும். மேலும், தடத்தின் கீழுள்ள நிலத்தில் வீடு கட்ட முடியாது. உயரமான மரங்களை வளர்க்கவும் முடியாது. அந்த இழப்பை நில உரிமையாளர்கள் இரு முறை தாங்க வேண்டிவரும்.

மின்னமைப்பு முழுவதும் ஒன்றோடொன்று பிணைந்தது என்பதையும் மறக்கக்கூடாது. 1996ஆம் ஆண்டு ஆகஸ்டு 3ஆம் நாள், திரெங்கானுவின் பாக்கா மின்னிலையம் அருகே ஒரு மின்தடம் செயலிழந்தது. அதன் விளைவாகத் தீபகற்பத்தின் மற்ற மின்னிலையங்களும் அடுத்தடுத்து நின்றன. கோலாலம்பூர் உட்படப் பல இடங்கள் மணிக்கணக்கில் இருளில் மூழ்கின. எனவே, உற்பத்தியையும் தேவையையும் நொடிக்கு நொடி சமன் செய்ய ஒரே கட்டுப்பாட்டு மையம் தேவை.

எனினும், இதில் ஒரு சிக்கலும் உள்ளது. தெனாகா நிறுவனத்திற்குச் சொந்த மின்னிலையங்களும் உள்ளன. காற்பந்துத் திடலில் ஆட்டக்காரரே நடுவராகவும் இருந்தால், எதிரணியினருக்கு ஐயம் எழுவது இயல்பே. அந்த ஐயத்தைப் போக்கவே, மின்னமைப்பை இயக்கும் பிரிவு தெனாகாவுக்குள் தனித்துச் செயல்படுமாறு அமைக்கப்பட்டுள்ளது. எரிசக்தி ஆணையம் அதனைக் கண்காணிக்கிறது. சிங்கப்பூரின் ஏற்பாடு வேறு. அங்கு மின்தடங்கள் எஸ்.பி. குழுமத்தின் உடைமை, மின்னமைப்பை இயக்குவதோ எரிசக்திச் சந்தை ஆணையம் என்னும் அரசு அமைப்பு.

சூரிய மின்சாரம் பெருகிவரும் இக்காலத்தில் இவ்வினா மீண்டும் எழுந்துள்ளது. சூரியப் பண்ணை ஓரிடத்தில் இருக்கும். அதன் மின்சாரத்தை வாங்க விரும்பும் தொழிற்சாலை வேறோர் இடத்தில் இருக்கும். 2024ஆம் ஆண்டில் மலேசிய அரசு இதற்கு ஒரு வழியைத் திறந்தது. உற்பத்தியாளர்கள் கட்டணம் செலுத்தித் தெனாகாவின் தடங்களைப் பயன்படுத்தி, பெரிய நிறுவனங்களுக்கு மின்சாரம் விற்கலாம். இதற்கு முன்பே, 2022ஆம் ஆண்டு ஜூன் மாதம், லாவோசின் நீர்மின்சாரம் தாய்லாந்து, மலேசியா வழியாகச் சிங்கப்பூருக்கு அனுப்பப்படத் தொடங்கியது. அதற்கு ஏற்கெனவே இருந்த தடங்களே பயன்பட்டன. தடத்தின் உரிமையாளர் வழிவிட்டால், அதனைப் பலரும் பகிர்ந்துகொள்ளலாம் என்பதை இவை காட்டுகின்றன.

புதிய தடங்களுக்குப் பெரும் முதலீடு தேவை. ஆகவே, அவற்றைக் கட்டும் பணியில் தனியாரும் பங்கேற்கலாம் என்பது சிலரின் வாதம். தனியார் இலாபம் தரும் வழிகளை மட்டுமே தேர்ந்தெடுத்தால், உட்புறக் கிராமங்களின் நிலை என்னவாகும் என்பது மற்றவர்களின் கேள்வி. இரண்டும் சிந்திக்கத்தக்கவை. தடத்தைக் கட்டும் கைகள் பலவாக இருக்கலாம். ஆனால், அதனைக் கட்டுப்படுத்தும் கை ஒன்றாகவும், எவர் பக்கமும் சாயாததாகவும், மக்களுக்குப் பதில் சொல்லும் கடமை உடையதாகவும் இருக்க வேண்டும்.

சிந்தித்து விடையளிக்க

1. ஒரே ஊருக்கு இரு நிறுவனங்கள் மின்தடம் அமைப்பதால் ஏற்படும் விளைவுகள் யாவை?
2. ‘ஆட்டக்காரரே நடுவராகவும் இருந்தால்’ என்னும் ஒப்புமை எதனை உணர்த்துகிறது?
3. உங்கள் வட்டாரத்தின் வழியே புதிய மின்தடம் அமையவிருக்கிறது. அதனை யார் அமைக்க வேண்டும்? குழுவில் கலந்துரையாடி, உங்கள் கருத்தைக் காரணங்களுடன் எழுதுக.